நாலு சன்னல் சபை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோலா சிலாங்கூர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடக்கும். மார்க்கெட் அடங்கிவிடும். கிள்ளானுக்குப் போகும் பஸ் ஆளில்லாமல் கிளம்பும். மலையிலிருந்து இறங்கி வந்த குரங்குகள்கூடக் கூட்டுறவுச் சங்கத்தின் மொட்டை மாடியில் குட்டிகளுக்குப் பேன் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவை கட்டி, தலையில் மல்லிகைப் பூ வைத்து, கையில் ரிமோட்டோடு நின்றாள் லோகேஸ்வரி.

பெண் கேட்டு வரும் நாளில் பெண்ணின் கையில் காப்பித் தட்டு இருக்க வேண்டும் என்பது வழக்கம். இவள் கையில் ரிமோட் இருந்ததற்குக் காரணம், அந்த அறையில் உள்ளதையெல்லாம் ஓட்டத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை என்பதுதான். சங்கத்தின் காணொளிக் கூட்டங்களை நடத்துவது அவள் வேலை. சுவரை அடைத்த பெரிய திரை. திரைக்கு மேலே தேங்காய் அளவில் ஒரு கேமரா, யார் பேசினாலும் அவர் பக்கம் தானாகவே கழுத்தைத் திருப்பிக்கொள்ளும். மேசை நடுவில் தோசைக் கல்லைப் போலத் தட்டையாக ஒரு மைக். திறந்திருந்தால் அதன் விளிம்பில் பச்சை வெளிச்சம், மூடியிருந்தால் சிவப்பு. வெளியூர்க் கிளைகள் ஒவ்வொன்றாக வந்து திரையின் வாசலில் காத்திருக்கும். இவள் பார்த்து உள்ளே விடுவாள். பேச வேண்டியவர் வாயைத் திறந்துவிடுவாள், பேசக் கூடாதவர் வாயை மூடுவாள். எத்தனை பெரிய மனிதரானாலும் சரி, மூடிய மைக்கிடம் முழுப் பிரசங்கம் செய்யாதவர் அந்தச் சங்கத்தில் ஒருவர் பாக்கியில்லை. "மைக் ஆஃப்ல இருக்கு, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் தூக்கத்திலும் அதையே சொன்னாளாம். சாட்சி அவள் அம்மா வள்ளியம்மா.

இப்போது கூடப் போவது சங்கத்தின் கூட்டமல்ல. அவளுடைய கல்யாணப் பேச்சு.

மாப்பிள்ளை அகிலன். சுங்கை புரோங் கிளை அலுவலகத்தில் வேலை. இரண்டு வருடமாக இவளுக்குத் தெரிந்தவன்தான். ஆனால் நேரில் ஒரு தடவையும் பார்த்ததில்லை. மாதக் கூட்டம் எதுவானாலும் எல்லாருக்கும் முன்னால் வந்து வாசலில் நிற்பது சுங்கை புரோங்தான். ஒலி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே, அதற்காக. அவ்வளவு பெரிய திரையில் இரண்டே இரண்டு சன்னல், ஒன்றில் இவள், ஒன்றில் அவன். "கேக்குதா?" என்பாள். "கேக்குது" என்பான். அத்தோடு முடிய வேண்டிய வேலை, மற்ற கிளைகள் வந்து சேரும்வரை முடியாது.

அவனுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சன்னல், அதற்குப் பின்னால் வயல். நாற்று நட்ட புதிதில் வெறும் தண்ணீராக, பிறகு பச்சையாக, பிறகு பழுப்பாக அந்த வயல் அவன் தோளுக்கு மேலே மாறிக்கொண்டே வரும். மழையும் அவன் ஊருக்குத்தான் முதலில் வரும். அவன் சன்னலில் மேகம் கறுத்தால், இவள் வீட்டுக்குப் போன் செய்து கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொல்வாள். சொல்லி வைத்தாற்போல அதே மழை கொஞ்ச நேரத்தில் இங்கே வந்து இறங்கும். அந்த மழை அவனைப் பார்த்துவிட்டு வருகிறது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. யாரிடமும் சொல்லாத நினைப்பு.

மோட்டாரில் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு வருடமாக இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்ப்போம் என்று தோன்றாமலா இருந்திருக்கும்? தோன்றியது. சொல்லத்தான் வாய் வரவில்லை. கடைசியில் அவன் செய்ததெல்லாம் தன் அம்மாவிடம் சொன்னது மட்டுமே. அம்மா இராஜம்மா ஈப்போவிலிருக்கும் தன் அண்ணன் சிவானந்தத்திடம் சொல்ல, அவர் பெர்த்தில் வேலை பார்க்கும் லோகேஸ்வரியின் அண்ணன் ரவீந்திரனைப் பிடிக்க, செய்தி கடல் தாண்டிச் சுற்றிக்கொண்டு கோலா சிலாங்கூருக்கு வந்து சேர்ந்தது. அதற்கடுத்த கூட்ட நாளில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? "கேக்குதா?" "கேக்குது." அவ்வளவுதான். ஆனால் இருவருக்கும் காது சிவந்திருந்தது.

இவ்வளவு இனிப்பான விஷயத்தில் ஒரு கசப்பு இருந்தது. வள்ளியம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் டவுனில் டயாலிசிஸ். விடியும் முன்னே புக்கிட் பெலிம்பிங் வீட்டிலிருந்து கிளப்பி, காரில் கொண்டுபோய் விட்டு, வேலை பார்த்து, திரும்ப ஏற்றிக்கொண்டு போவது எல்லாம் லோகேஸ்வரிதான். கல்யாணமாகிப் பெண் சுங்கை புரோங் போய்விட்டால்? அதற்கு ரவீந்திரன் பெர்த்தில் இருந்தபடியே வழி கண்டுபிடித்திருந்தான். கிள்ளானில் ஒரு முதியோர் இல்லம், அங்கேயே எல்லா வசதியும் உண்டு. வள்ளியம்மாவும் சரி என்று தலையாட்டிவிட்டார். தலையாட்டிய அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

லோகேஸ்வரிக்கு வேறு வழி ஒன்றுதான் தெரிந்தது. தான் அந்த வீட்டை விட்டு நகரக் கூடாது, அகிலன்தான் இங்கே வர வேண்டும். வீட்டோடு மாப்பிள்ளை. அந்த வார்த்தைக்கு நம் ஆட்களிடம் என்ன மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. இராஜம்மாவுக்குத் துணையாக மூத்த மகன் குடும்பம் கூடவே இருக்கிறது, ஆகவே ஆகாத காரியமில்லை, ஆனால் கேட்பதற்கே நெஞ்சு வேண்டும். ரவீந்திரனிடம் சொன்னாள். இதைப் பற்றி வாய் திறந்தால் இடம் தட்டிப்போய்விடும், முதலில் தாலி ஏறட்டும் பிறகு பார்க்கலாம் என்றான். அகிலனிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்னாலும் நினைப்பாள். நெல் விலை, மழை, கேமரா கோணம் எல்லாம் பேசுவாள். இது மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போய்விடும். அவனை இழக்க அவளுக்கு மனமில்லை. அம்மாவையும் விட முடியாது. சபையில் அண்ணன் "உனக்குச் சம்மதமா" என்று கேட்பான், அப்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

சபை என்று ஒன்று கூடித்தான் ஆக வேண்டும் என்றவர் அகிலனின் மாமா சிவானந்தம். முட்டி ஆப்பரேஷன் செய்து கட்டிலோடு இருந்தார், ஈப்போவிலிருந்து வர முடியாது. ரவீந்திரனுக்கு லீவு இல்லை. ஆளுக்கொரு போனில் பேசிப் பெண் கேட்பது என்ன பழக்கம், எல்லார் முகமும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். லோகேஸ்வரி சங்கத் தலைவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் சாவியைக் கொடுத்து, போகும்போது குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுப் போ என்றார்.

வாசலில் ஒவ்வொருவராக வந்தார்கள். இவள் உள்ளே விட்டாள். பெர்த், ஈப்போ, சுங்கை புரோங். நான்காவது சன்னலில் இவளும் அம்மாவும். தன்னைப் பெண் கேட்க வந்தவர்களைத் தானே வாசல் திறந்து உட்கார வைத்த ஒரே பெண் இவளாகத்தான் இருக்க வேண்டும். திரையின் நீல வெளிச்சம் மேசை முழுக்கத் தண்ணீர் போலப் பரவியிருந்தது. வெளி ஊர்க் குரல்கள் கொஞ்சம் தாமதித்து, ஏதோ கனவுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தன. அகிலன் வெள்ளைச் சட்டையில் இருந்தான். இவளைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பும் கொஞ்சம் தாமதித்தே வந்து சேர்ந்தது.

நலம் விசாரிப்பு முடிவதற்குள் சுங்கை புரோங்கில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை. நாலு சன்னலிலும் அந்த இரைச்சல்தான். மாமா முகத்தைச் சுளித்தார். பழக்கதோஷத்தில் லோகேஸ்வரி சுங்கை புரோங்கின் மைக்கை மூடினாள். அவள் மூடினால் அவளே திறக்கும்வரை திறக்காது. அடுத்து, பக்கத்தில் இருந்த வள்ளியம்மா, தான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "மாப்ளையோட அம்மா பொடவ நல்லாத்தான் இருக்கு, ஆனா ரவிக்கதான் சேரல" என்றார். கேமரா உடனே திரும்பி அவரைப் பெரிதாகக் காட்டியது. பெர்த்தில் ரவீந்திரன் தலையில் கை வைத்தான். லோகேஸ்வரி அவசரமாக ரிமோட்டை அழுத்தித் தன் அறை மைக்கையும் மூடினாள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நினைவில் இல்லை.

ஏனென்றால் அடுத்த நிமிடமே மாமா தாம்பாளத்தை எடுத்து வைக்கச் சொன்னார். வள்ளியம்மா வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், பூ எல்லாம் வைத்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கி, மேசை நடுவில் எங்கே வைக்கலாம் என்று பார்த்தார். அங்கேதான் வாகாக ஒரு வட்ட மேடை இருந்ததே. மைக்கின்மேல் தாம்பாளம் கச்சிதமாக உட்கார்ந்தது. சிவப்பு வெளிச்சம் அதன் அடியில் போய்விட்டது.

"லோகா, எல்லாரும் இருக்காங்க. உனக்குச் சம்மதமா, சொல்லும்மா" என்றான் ரவீந்திரன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தலையை நிமிர்த்தினால் சொல்ல வராது என்று தெரிந்தது. தாம்பாளத்தில் இருந்த மஞ்சள் கிழங்கையே பார்த்துக்கொண்டு சொன்னாள். குளிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது, ஆகவே தடுக்காமல் வந்தது. அம்மாவை அனுப்ப மாட்டேன் என்றாள். தன் வீட்டிலேயே இருப்பேன், அவர்தான் வர வேண்டும் என்றாள். வள்ளியம்மாவின் கை மேசைக்கடியில் வந்து இவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

சொல்லி முடித்து, வருவது வரட்டும் என்று இருந்தாள். வந்தது மாமாவின் சிரிப்பு. "ரொம்ப சந்தோஷம். பொண்ணு மனசு தெரிஞ்சு போச்சு" என்றார். பெர்த்தில் ரவீந்திரன் கை தட்டினான். இராஜம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

அவளால் நம்ப முடியவில்லை. இவ்வளவு லேசா? இதற்காகவா இத்தனை நாள் தூக்கம் கெட்டது? "நல்ல மனுசங்கடி" என்று வள்ளியம்மா முணுமுணுத்தார், குரல் உடைந்திருந்தது. மாமா தை மாதம் என்றார், மண்டபம் என்றார், எதுவும் லோகேஸ்வரியின் காதில் நிற்கவில்லை. அறையின் குளிர் விலகி, நீல வெளிச்சத்தில் நாற்காலியோடு அவள் மிதந்துகொண்டிருந்தாள். புக்கிட் பெலிம்பிங் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. ரம்புத்தான் மரத்தடியில் ஒரு மோட்டார் நின்றது. கொடியில் அந்த வெள்ளைச் சட்டை காய்ந்தது, மழை வருவதை இனி யாரும் அவளுக்குத் திரையில் காட்ட வேண்டியதில்லை. அம்மா சமையலறையிலிருந்து யாரையோ "தம்பி" என்று கூப்பிட்டார். அந்தக் கொஞ்ச நேரம் உலகத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

"தட்டு மாத்திக்குவோம். நேர்ல மாத்த முடியாது, ரெண்டு பக்கமும் தூக்கிக் காட்டுங்க" என்றார் மாமா.

வள்ளியம்மா தாம்பாளத்தைத் தூக்கினார். அடியில் மைக் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

லோகேஸ்வரி அதைப் பார்த்தாள். என்ன பார்க்கிறோம் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் மாமா ரவீந்திரனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு வார்த்த பேசல பாத்தீங்களா தம்பி? தலைய குனிஞ்சபடி உக்காந்திருச்சு. அதுலயே தெரிஞ்சு போச்சுல்ல, சம்மதம்னு."

செருப்பும் மோட்டாரும் சட்டையும் போன இடம் தெரியவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. அவள் பேசியது இந்த அறையின் நாலு சுவருக்குள்ளேயே கிடக்கிறது. பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் ஊரில் மைக்கை மூடிவைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள், அதுவும் ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுக்கிற இவள்.

அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வரத்தான் செய்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். தட்டு மாறிவிட்டது. அவன் கிடைத்துவிட்டான். இப்போது மறுபடி வாயைத் திறந்தால் எல்லாம் கலைந்துபோகலாம். பக்கத்தில் அம்மா தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்ற நினைப்பில் சிரித்த சிரிப்பு அது. லோகேஸ்வரியால் அதைப் பார்க்க முடியவில்லை.

நிமிர்ந்தாள். சுங்கை புரோங் சன்னலின் மூலையில் மஞ்சள் கை ஒன்று உயர்ந்திருந்தது. பேச அனுமதி கேட்கும் கை. எவ்வளவு நேரமாக அது அப்படி நிற்கிறதோ. நாலு சன்னலிலும் சிரிக்காத முகம் அகிலனுடையது மட்டும்தான். அவன் நேராக இவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவன் மைக்கைத் திறந்தாள். முதலில் மழைதான் வந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"லோகேஸ்வரி, உங்க மைக் ஆஃப்ல இருக்கு. நீங்க என்னமோ ரொம்ப நேரம் பேசுனீங்க, நான் பாத்தேன். இன்னொரு தடவ சொல்லுங்க."

மாமா பேச்சை நிறுத்தினார். ரவீந்திரன் "லோகா?" என்றான். தான் நூறு பேருக்குச் சொன்னது தனக்கே வந்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு தடவை சொல்லத்தான் அவள் தைரியம் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டாம் தடவைக்கு மிச்சமில்லை. ஆனாலும் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு பச்சையானது. இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. கேமரா கழுத்தைத் திருப்பி அவள் முகத்தை நாலு ஊருக்கும் காட்டியது.

"எங்கம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் இங்க டவுன்ல டயாலிசிஸ். நான்தான் கூட்டிட்டுப் போறேன். அவங்கள கிள்ளான் இல்லத்துக்கு அனுப்ப மாட்டேன். கல்யாணத்துக்கு அப்புறமும் புக்கிட் பெலிம்பிங் வீட்டுலதான் இருப்பேன். அவருதான் அங்க வரணும். எனக்கு அவர ரொம்பப் புடிக்கும். ஆனா இப்படித்தான் முடியும்." மூச்சு வாங்கியது. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், வாய் தானாகக் கேட்டது. "கேக்குதா?"

வழக்கமான தாமதம். அந்தத் தாமதம் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது.

"கேக்குது" என்றான் அகிலன். "நல்லா கேக்குது."

அதற்குமேல் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையா, எங்கள் வம்சத்தில் எவன் பெண்டாட்டி வீட்டில் போய்ச் சோறு தின்றான், இதைக் கேட்கவா என்னைக் கட்டிலில் இருந்து எழுப்பி உட்கார வைத்தீர்கள் என்று சத்தம் போட்டார். ரவீந்திரன் மன்னிப்புக் கேட்கிற குரலில் நடுவே புகுந்தான். அவனையும் திட்டினார். பிறகு ஈப்போ சன்னல் கறுத்து, இல்லாமல் போனது. மாமா கூட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார்.

ஒருவர் போனால் மிச்சமிருப்பவர்களைப் பெரிதாக்கிக் காட்டுவது அந்தத் திரையின் வழக்கம். அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. மூன்று சன்னல்களும் விரிந்தன. அகிலன் முன்னைவிடப் பக்கத்தில் வந்துவிட்டான். அவன் நெற்றியில் வேர்த்திருந்தது இப்போது தெரிந்தது.

"அம்மாவ எத்தன மணிக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டான்.

"ஆறு மணிக்குள்ள அங்க இருக்கணும்."

அவன் தலையசைத்தான். வேலை நேரம் குறித்துக்கொள்பவனைப் போல, மெதுவாக. லோகேஸ்வரியின் கண் இராஜம்மாவிடம் போனது. அவர் தன் அண்ணன் கோபித்துக்கொண்டு போன சன்னலின் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, வள்ளியம்மாவைப் பார்த்தார்.

"எங்கண்ணன நான் பாத்துக்குறேன். ஆனா சம்பந்தி, இவன் அவ்ளோ காலையில எந்திரிக்க மாட்டான் லா. அலாரம் ரெண்டு வெக்கணும்."

வள்ளியம்மா தாம்பாளத்தை மேசைமேல் வைத்தார், இந்தத் தடவை மைக்குக்குப் பக்கத்தில். அழுகையும் சிரிப்புமாக மகள் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மூன்று ஊருக்கும் கேட்க, "அந்த ரவிக்கையும் அவங்களுக்குச் சேரத்தான்டி செய்யுது" என்றார்.

லோகேஸ்வரியின் கட்டைவிரல் பழக்கத்தில் மைக்கை மூடும் பொத்தானுக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டாள்.